புழுப்பெட்டிக்குள் இலை

மலேசியாவின் பகாவ் ரப்பர் தோட்டத்தில், பஞ்சாலை தன் கணவன் இராஜமாணிக்கத்துக்கு வைத்த கருமாதிப் படையலைக் காக்கை தொடவே இல்லை. மழை பிடித்துக்கொண்டதால் பஞ்சாலை அதை இலையோடு எடுத்து, கீரைப் பாத்திக்கு மண்புழு உரம் சேர்க்கும் புழுப்பெட்டியில் கவிழ்த்து மூடினாள்.

விடிந்ததும் திறந்தால் சோறு இல்லை. இலை மட்டும் உள்பக்கமாக மடித்துக் கிடந்தது. சாவு வீட்டில் யாரும் அப்படி மடிக்க மாட்டார்கள்; உறவு தொடரட்டும் என்று கல்யாண வீட்டில்தான் மடிப்பார்கள்.

"பெருச்சாளியா இருக்கும் லா அக்கா," என்றாள் பக்கத்து வீட்டு ராக்கம்மா.

பெருச்சாளி இலையை மடிக்குமா? பஞ்சாலை மூடிமேல் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்துவிட்டுப் ரப்பர் மரங்களில் பால்வெட்டப் போனாள்.

மத்தியானம் வந்தபோது கல் வைத்தபடியே இருந்தது. உள்ளே இரண்டு இலைகள். மடித்த இலைக்குப் பக்கத்தில், பந்தியில் போடுவதுபோல் நுனி இடப்பக்கம் இருக்க, தண்ணீர் தெளித்து, அவளைப் பார்த்து இன்னோர் இலை விரித்திருந்தது.