ஒரு தட்டு, இரண்டு தட்டு

தீவிர சிகிச்சைப் பிரிவின் கடைசிக் கட்டிலில் ஒரு பஸ் கண்டக்டர் இருந்தார். தொண்டையில் குழாய், பேச முடியாது. யாராவது கை கழுவாமல் அவர் கழுத்தில் மருந்தேற்றும் குழாயைத் தொட வந்தால், மடக்கிய விரலால் கட்டில் கம்பியில் ஒரு தட்டு தட்டுவார்: நிறுத்து. கழுவிவிட்டு வந்தால் இரண்டு தட்டு: போகலாம். அவர் கண்ணசந்த நேரம் பார்த்து யாரோ தொட்டிருக்கிறார்கள். கிருமி ரத்தத்தில் கலந்து, மனிதர் போய்ச்சேர்ந்தார்.

கட்டிலைக் கழுவித் துடைத்து, ஒரு டீச்சரம்மாவைப் படுக்கவைத்தார்கள். மயக்க மருந்தில் அவருக்கு விரல்கூட அசையாது. ஆனாலும் கம்பியில் தட்டு கேட்டது.

"அக்கா, யாரு தட்டுறது?" என்றாள் புது நர்ஸ்.

"நீ போய்க் கையக் கழுவிட்டு வா," என்றாள் பெரிய நர்ஸ். அவளுக்குப் பழகிவிட்டது.

இன்று காலை மருந்தோடு போனபோது அவளுக்கும் ஒரு தட்டு விழுந்தது. கழுவிவிட்டு வந்தாள். மறுபடி ஒரே தட்டு. முழங்கை வரை தேய்த்துக் கழுவினாள். அப்போதும் ஒன்றுதான்.

"இன்னும் என்னண்ணே?" என்றாள் அலுப்போடு.

அப்போதுதான் டீச்சரம்மாவின் போர்வை நடுங்குவதைப் பார்த்தாள். நெற்றி கொதித்தது. டாக்டர் ஓடிவந்தார். குழாயை மாற்றினார்கள், மருந்தை மாற்றினார்கள். கொதிப்பு மட்டும் இறங்கவில்லை.

மாலையில், கட்டிலருகே யாருமில்லாதபோது, கம்பியில் இரண்டு தட்டு கேட்டது.

பெரிய நர்ஸ் திரும்பிப் பார்க்கவில்லை. "வெளிய அவங்க மகன் இருப்பார். வரச்சொல்லு."

"கை கழுவிட்டு வரச் சொல்லவாக்கா?"

"வேணாம். அப்படியே வரட்டும்."