ஏழாங்கட்டை மணி

சரக்... சரக்...

பனிக்குள்ளிருந்து சத்தம் மட்டும்தான் வந்தது. ஆள் தெரியவில்லை.

ரயில் இலாகா ஊழியர் ஹபீஸ் படியிலேயே நின்றுவிட்டார். பதினாலு வருஷமாக ரயில் நிற்காத ஸ்டேசன். கூரையில் பாதி இல்லை. பெயர்ப்பலகையில் 'ஏழாங்' உதிர்ந்து 'கட்டை' மட்டும் மிச்சம். இங்கே யார் கூட்டுவது?

"பயப்படாதீங்க ஹபீஸ் நானா, பேய் இல்ல. கனகம்தான்" என்றார் பின்னால் மூச்சிரைக்க ஏறிவந்த தங்கராஜா. கீழே ரோட்டோரத்தில் தேத்தண்ணிக் கடை வைத்திருப்பவர். மணியைப் பற்றி ரயில் இலாகாவுக்குப் பெட்டிசம் எழுதிப் புகார் சொன்னவரும் அவரேதான்.

"தெனமும் காலையில மணியடிக்குது. ஸ்டேசன் பார்க்க வர்ற வெள்ளைக்காரப் புள்ளைங்க, ரயில் வருதுன்னு தேத்தண்ணிய வச்சிட்டு மேல ஓடுதுங்க. ரயில் நிக்கவா போகுது? தேத்தண்ணிதான் ஆறிப்போகுது!"

ஹபீஸ் பையிலிருந்து ஸ்பேனரையும் கடிதத்தையும் எடுத்தார்.

"அக்கா, மணியக் கழட்டச் சொல்லி ஓர்டர். அடுத்த ஸ்டேசன் மாஸ்டரே சைன் வச்சிருக்காரு. கீழ அவர் போன் நம்பரும் இருக்கு. சந்தேகம்னா கேளுங்க."

கனகம் விளக்குமாறைப் போட்டுவிட்டு மணிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"கூரைத் தகரத்தக் கொண்டு போனீங்க. பெஞ்சக் கொண்டு போனீங்க. தேயிலைப் பெட்டி நிறுக்கிற தராசும் போச்சு. மணியாவது இருக்கட்டும், நானா."

"அரசாங்கச் சொத்து அக்கா. மியூசியத்துக்குப் போகுது."

"அங்க யாரு அடிப்பாங்க?"

"அங்க அடிக்கக் கூடாது."

"அப்ப எதுக்கு மணி?"

ஹபீஸ் ஸ்பேனரைக் கை மாற்றிக்கொண்டார்.

"அது பைத்தியம், நானா. கழட்டுங்க நீங்க" என்றார் தங்கராஜா.

அப்போது கனகத்தின் இடுப்பிலிருந்த போன் ஒரேயொரு தடவை அடித்து நின்றது.

அவ்வளவுதான். திரும்பி மணிக்கயிற்றைப் பிடித்து இழுக்கத் தொடங்கினாள். பிளாட்பாரமே அதிர்ந்தது.

பக்கத்துச் சுரங்கத்துக்குள்ளிருந்து வெள்ளைச் சீருடைகள் ஓடிவந்தன. தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசன் பிள்ளைகள். பள்ளிக்கூடத்துக்குத் தண்டவாளம்தான் குறுக்குவழி. ஒவ்வொன்றாகக் கைகொடுத்துப் பிளாட்பாரத்தில் தூக்கிவிட்டாள் கனகம். கடைசிப் பிள்ளையின் வாயில் டொபி மிட்டாய்.

"மேனுஷா!" தங்கராஜா அலறினார். "பஸ்ஸுக்குக் காசு குடுத்தேனேடி?"

மகள் டொபியை மற்றக் கன்னத்துக்கு மாற்றினாள்.

ரயில் சுரங்கத்தை விட்டு வெளியே வந்து, நிற்காமல் போயேபோனது.

தங்கராஜா தூணைப் பிடித்துக்கொண்டார்.

"சுரங்கத்துக்கு உள்ளுக்க ஒதுங்க இடமில்ல, நானா" என்றாள் கனகம். "மணி கேட்டா ஓடியாந்துரணும்னு பழக்கி வச்சிருக்கேன்."

ஹபீஸின் முகம் மாறவில்லை.

"அது இருக்கட்டும். ரயில் பொறப்பட்டது ஒங்களுக்கு எப்படித் தெரியும்? மிஸ்கோல் குடுக்கிறது யாரு?"

"பேரு சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காரு."

"சத்தியமா? வெளியாளுக்குத் தகவல் குடுத்தா வேல போயிரும் அவருக்கு! போனத் தாங்க!"

பிடுங்காத குறையாக வாங்கினார். நம்பரைப் பார்த்தார். கையிலிருந்த கடிதத்தைப் பார்த்தார். மறுபடியும் போனைப் பார்த்தார்.

மாஸ்டரின் கையெழுத்துக்குக் கீழேயும் அதே நம்பர்.

கடிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார்.

"நானா... அந்தப் பெட்டிசம்..." என்று இழுத்தார் தங்கராஜா.

"எந்தப் பெட்டிசம்?"

ஹபீஸ் ஸ்பேனரை மணியின் போல்ட்டில் மாட்டினார். கனகம் கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டு சுற்று இறுக்கினார்.

"ஆடிக்கிட்டிருந்திச்சு" என்றார். "துருப்பிடிச்சிட்டு, கழட்ட ஏலாதுன்னு எழுதிர்றேன்."

கனகம் கண்ணைத் திறந்து விளக்குமாறைத் தேடி எடுத்தாள். மேனுஷா போட்டுவிட்டுப் போன டொபித் தாளையும் சேர்த்துக் கூட்டத் தொடங்கினாள்.