கனேலா கடித்தவர்கள்

உள்ளே கத்தரிக்கோல் சத்தம் மட்டும்தான் கேட்டது. உறுமல் இல்லை.

திரைக்கு இந்தப் பக்கம் பொலிக்ஸேனி மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாய்களுக்கு முடிவெட்டும் அர்கிரிஸ், அவளை உள்ளே வர வேண்டாம் என்று சொல்லியிருந்தான். வளர்ப்பவர் பக்கத்தில் நின்றால் குட்டி நாய்களுக்குத் திமிர் ஏறிவிடுமாம்.

கனேலா நாலு கிலோகூடத் தேறாத நாய். துறைமுகத்துப் பூனை ஒன்று காதைக் கிழித்து, தையல் போட்டு வீட்டுக்கு வந்ததிலிருந்து அதன் குணமே மாறிவிட்டது. நலம் விசாரிக்க வந்த மருந்துக்கடைக்காரியைக் கடித்தது. மாடிவீட்டு மாரூலாவைக் கடித்தது. பாதிரியாரின் தாடியைப் பிடித்துத் தொங்கியது. கடைசியில் பொலிக்ஸேனியின் உதட்டையே பதம் பார்த்துவிட்டது.

அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஊரைக் கடித்தால் கடித்துவிட்டுப் போகட்டும், என்னையுமா?

இதில் வேடிக்கை என்னவென்றால், அவள் புருஷன் வாங்கேலிஸை மட்டும் அது ஒன்றும் செய்யவில்லை. 'எலி' என்பதைத் தவிர வேறு பெயரில் அவன் அதைக் கூப்பிட்டதே கிடையாது. அவன் மடியில்தான் போய்ச் சுருண்டுகொள்ளும். பார்த்துப் பார்த்துப் பொலிக்ஸேனிக்கு வயிறு எரிந்தது.

காதைச் சுற்றி முடி சிக்குப் பிடித்து, தையலில் சீழ் வைக்கத் தொடங்கியிருந்தது. இதயம் பலவீனம், மயக்க ஊசி போட முடியாது என்று மருத்துவர் கைவிரித்துவிட்டார். இன்று காலை வாங்கேலிஸ் காப்பியை உறிஞ்சியபடியே முடிவாகச் சொல்லிவிட்டான்.

"இன்னிக்கும் யாரையாவது கடிச்சுதுன்னா நேரா மலைக்குத்தான், எங்கண்ணனோட ஆட்டுப்பட்டிக்கு. அப்புறம் பேச்சே கிடையாது."

அந்தப் பட்டியில் காவல் காக்கும் நாய்கள் ஒவ்வொன்றும் கன்றுக்குட்டி உயரம்.

கத்தரிக்கோல் ஓய்ந்தது. பொலிக்ஸேனி திரையை விரலால் விலக்கி எட்டிப் பார்த்தாள். அர்கிரிஸ் அதட்டவில்லை, வாய்க்கூடும் மாட்டவில்லை. ஒரு கரண்டித் தயிரை நக்கக் கொடுத்துக்கொண்டே சிக்கையெல்லாம் வெட்டி எடுத்திருந்தான். வேலை நேரத்தில் அவன் வாயே திறக்க மாட்டான். காதைத் துடைத்து, மருந்து தடவி, இரண்டடி தள்ளி நின்று பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது.

"அடி என் ராஜாத்தி, என்னா அழகு! ஃப்தூ, ஃப்தூ, ஃப்தூ!"

அடுத்த நொடி கனேலா அவன் மூக்கில் தொங்கியது.

பொலிக்ஸேனி அலறிக்கொண்டு உள்ளே ஓடினாள். எல்லாம் போயிற்று. இனி ஆட்டுப்பட்டிதான்.

அர்கிரிஸ் மூக்கில் பஞ்சை அழுத்திக்கொண்டு கொஞ்சநேரம் யோசித்தான். பிறகு சுவரைப் பார்த்து மெதுவாக, "ஃப்தூ" என்றான்.

கனேலா சுவரைப் பார்த்து உறுமியது.

"அக்கா, பூனை பாயறதுக்கு முன்னாடி என்ன பண்ணும்?"

"சீறும். துப்புற மாதிரி..." பொலிக்ஸேனியின் கை தன் உதட்டுக் காயத்துக்குப் போனது.

கண் பட்டுவிடக் கூடாதே என்று இந்த வோலோஸ் ஊரில் யார்தான் துப்பாமல் இருக்கிறார்கள்? மருந்துக்கடைக்காரி துப்பினாள். மாரூலா துப்பினாள். பாதிரியார் சிலுவையும் போட்டார், துப்பவும் துப்பினார். உதட்டில் கடிபட்ட அன்று முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்சி, எல்லாரையும்விட அதிகமாகத் துப்பியது பொலிக்ஸேனிதான்.

வாங்கேலிஸ் ஒருநாளும் துப்பியதில்லை. புகழ்ந்தால்தானே துப்புவதற்கு?

சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. நாயை அள்ளி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். துப்பாமல் அழகு என்று சொல்ல மனம் துணியவில்லை. அதனால் வாயார வைதாள்.

"குரங்கு மூஞ்சி! கழுதை! இந்த ஊர்லயே அசிங்கம் நீதாண்டி!"

கனேலா அவள் கன்னத்தை ஆசையாக நக்கியது. பொலிக்ஸேனி உடைந்து அழுதாள்.

அப்போது கதவு திறந்தது. அழைத்துப்போக வந்த வாங்கேலிஸ், அர்கிரிஸின் மூக்கிலிருந்த பஞ்சைப் பார்த்தான். பிறகு நாயைப் பார்த்தான். முகத்து முடியெல்லாம் போய், இரண்டு கண்களும் பளிச்சென்று வெளியே தெரிந்தன.

பொலிக்ஸேனி அவசர அவசரமாக விஷயத்தைச் சொல்லத் தொடங்கினாள். அவன் காதில் எதுவும் விழுந்ததாகத் தெரியவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டான். மெல்லக் குனிந்தான்.

"எலிக்குட்டி... இவ்ளோ அழகா நீ?" என்று உதட்டைக் குவித்தான்.

பொலிக்ஸேனி பாய்ந்து அவன் வாயைப் பொத்தினாள்.