மறுபடியும் ஒரு ஒயர்

ஒயர் சரியாக யூபிங்கின் நெற்றியில் இடித்தது. கையிலிருந்த எள் நூடுல்ஸ் பாதி சட்டையில் கொட்டியது.

மேலே பார்த்தாள். எந்த மாடி ஜன்னலிலிருந்தோ இறங்கி, மரத்தின் இலைகளுக்குள் புகுந்து, துணிக்கொடியில் ஒரு சுற்றுச் சுற்றி ஊஞ்சலாடிக்கொண்டிருந்தது.

மறுபடியும்!

இரண்டாம் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த கிழவர் ச்சூவுக்கு ஒரே சிரிப்பு. “யூபிங்! நூடுல்ஸ் உனக்கா, உன் சட்டைக்கா?”

“சிரிங்க, நல்லா சிரிங்க! கட்டடம் பத்திக்கிட்டு எரியும்போது நான் வந்து சிரிக்கிறேன்!”

கையில் சிவப்புப் பட்டை கட்டிய கட்டடப் பொறுப்பாளர் அவள். இந்த வூஹான் நகரத்திலேயே இதைவிடக் கேவலமான வேலை கிடையாது. மின்சார ஸ்கூட்டரை வீட்டுக்குள் கொண்டுவராதே என்றால், வீட்டில் சார்ஜ் போட பேட்டரியை மட்டும் கழற்றிப் பிள்ளையைப் போல அணைத்துக்கொண்டு மாடியேறுகிறார்கள். அதைத் தடுத்தால் கீழே நிற்கும் ஸ்கூட்டருக்கு ஜன்னல் வழியாக ஒயரை இறக்குகிறார்கள்.

போன குளிர்காலத்தில் எதிர்க் கட்டடத்தின் படிக்கட்டில் ஒரு ஸ்கூட்டர் வெடித்தபோது, இவர்கள் எல்லாரும் இதே ஜன்னல்களில் நின்றுதான் பார்த்தார்கள். துணி போர்த்தி ஒவ்வொருவராகத் தூக்கி வந்ததையும் பார்த்தார்கள். ஒரு வாரம் பயந்தார்கள். பிறகு எல்லாம் பழையபடி.

அப்படி யாரையும் தன் கட்டடத்திலிருந்து தூக்கிப் போக விடக்கூடாது. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஒயரைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். அது செடிகளைத் தாண்டி, குப்பைத் தொட்டிகளின் பின்னால் போய், ஸ்கூட்டர்களுக்குச் சார்ஜ் போடும் கொட்டகைக்குள் நுழைந்தது. போனில் ஸ்கேன் செய்து காசு கட்டினால் மின்சாரம் வரும் கொட்டகை. இவர்களுக்காகவே கெஞ்சிக் கூத்தாடி அவள் வாங்கித் தந்தது.

ஒயரின் முனையில் ஸ்கூட்டரே இல்லை. ஒயர் நேராகச் சுவரிலிருந்த பிளக் பாயிண்டில் செருகியிருந்தது.

இங்கிருந்து வீட்டுக்கே மின்சாரம் இழுக்கிறான் எவனோ! குளிருக்கு ஹீட்டர் போட்டிருப்பான். இந்த நூல் ஒயர் அதைத் தாங்குமா?

பிடுங்கி எறிந்தாள். எரிச்சல் கொஞ்சம் அடங்கினாற்போல் இருந்தது.

நான்காம் மாடி ஜன்னல் படாரென்று திறந்தது. சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் பையன் ஹௌ தாவ்.

“அக்கா, பிளக்கைப் போடுங்க! அம்மாவோட ஆக்ஸிஜன் மிஷின் நின்னுபோச்சு!”

‘உன் வீட்டுக் கரண்டுக்கு என்ன கேடு’ என்று கத்த வாயெடுத்தவள் அப்படியே நின்றாள்.

படிக்கட்டில் பேட்டரிக்கு சார்ஜ் போட்டான் என்று, நேற்று அவன் வீட்டு மீட்டர் பெட்டியை அணைத்துப் பூட்டியவள் அவளேதான். சாயங்காலம் அவன் வந்து கதவைத் தட்டி ஏதோ சொல்லத் தொடங்கியபோது, எல்லாருக்கும் ஒரு காரணம் இருக்கும் என்று முகத்தில் அடித்தாற்போல் சாத்தியவளும் அவளேதான்.

ஓடிப்போய் பிளக்கைச் செருகினாள். பிளக் பாயிண்டின் விளக்கு எரியவில்லை. ஒருமுறை பிடுங்கினால் கட்டிய காசின் கணக்கு முடிந்துவிடும். மறுபடியும் ஸ்கேன் செய்ய வேண்டும்.

போனை எடுத்தாள். அவசரத்தில் இரண்டு தடவை ஸ்கேன் தவறிப்போனது.

மேலே பார்த்தாள். ஜன்னலில் அவன் இல்லை.

மூன்றாவது தடவை திரை பொறுமையாகக் கேட்டது: உங்கள் வாகனத்துக்கு எத்தனை மணி நேரம் வேண்டும்?