அனிஸ்ரனின் ஈரல்

"பிளாவைக் கீழை வை."

கள்ளுத் தவறணை வாசலில் கிறிஸ்தோப்பர் நின்றார். முகம் கழுத்துவரை சிவந்து கிடந்தது.

மர வாங்கில் குந்தியிருந்த அனிஸ்ரன், பனையோலைப் பிளாவை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனவன், அப்படியே நிறுத்தினான். கிறிஸ்தோப்பர் அவனுடைய அக்கா சுசிலாவின் புருசன். வந்த வேகத்தில் பிளாவைப் பறித்துக் கள்ளை மணலில் கவிழ்த்தார். ஊற்றிக் கொடுத்த ஏரம்பு கள்ளு முட்டியைத் தூக்கி அணைத்துக்கொண்டார்.

"பயமாக் கிடக்கு அத்தான். ஒரு வாய்தான்."

"தண்ணியைக் குடி. வெட்டுறது, தைக்கிறது எல்லாம் டொக்டர்மார். உனக்குப் படுத்துக் கிடக்கிறது மட்டும்தான் வேலை. எழும்பு."

அனிஸ்ரன் எழும்பினான். கிறிஸ்தோப்பர் அவனுடைய வலப்பக்க விலாவை, சந்தையில் மாடு பார்ப்பவர் போல அமத்திப் பார்த்தார்.

"மத்தியானம் என்ன சாப்பிட்டனி?"

"கணவாய்ப் பொரியல்."

"பொரியலோ? அவ்வளவும் ஈரல்லதான் போய்ப் படியும். நாளைக்குக் கூட ஓட வேணும்."

முல்லைத்தீவில் அந்தக் கரை முழுவதற்கும் அனிஸ்ரனின் ஈரல் தெரியும். ஞாயிறு பூசையில் பங்குச் சுவாமியார் "அனிஸ்ரனின் ஈரலுக்காக மன்றாடுவோமாக" என்றபோது, வலைச் சண்டையில் அவனோடு கதை பேச்சில்லாமல் இருந்தவர்களும் முழந்தாளிட்டார்கள். தவறணையில் அவனைச் சீட்டாட்டத்தில் வெல்ல விட்டார்கள்.

விடியற்காலையில் அவன் கடற்கரையில் ஓடுவான். கவிழ்த்து வைத்த வள்ளத்தில் குந்தியிருந்து கிறிஸ்தோப்பர் மூச்சு வாங்கியபடி "ஓடு, ஓடு" என்பார். ஓடி ஓடி அனிஸ்ரனுக்கு உடம்பு இறுகி, முகமும் தெளிந்திருந்தது. சாகக் கிடக்கிறவனுக்கு இவ்வளவு வடிவு எங்கிருந்து வந்தது என்று ஏரம்பு யோசித்ததுண்டு.

திங்கட்கிழமை கொழும்பில் ஸ்கான். ஈரலில் கொழுப்பு இறங்காவிட்டால் ஒப்பரேசன் இல்லை. ஒப்பரேசன் இல்லாவிட்டால் உயிர் தப்பாது என்று மீன் விற்கிற இடத்தில் சுசிலா அழுதிருந்தாள். அதைக் கேட்ட ஏரம்பு வற்றாப்பளை அம்மனுக்குப் பொங்குவதாக நேர்த்தி வைத்தார். அந்த ஈரலைக் கெடுத்ததில் தன்னுடைய பனைகளுக்கும் பங்கு இருக்கிறது என்பது அவருடைய கவலை. இன்றைக்கு ஊற்றியதுகூட, போகப்போகிற பிள்ளை கடைசியாகக் கேட்கிறான் என்ற இரக்கத்தில்தான்.

கிறிஸ்தோப்பர் தள்ளாடி வாங்கைப் பிடித்துக்கொண்டு குந்தினார். சிவப்பு இப்போது நெஞ்சுக்கும் இறங்கியிருந்தது. அதற்குமேல் ஏரம்புவுக்குப் பொறுக்கவில்லை.

"கோவிக்காதை தம்பி. வருத்தக்காரப் பெடியனுக்குப் புத்தி சொல்ல வந்த நீ, வேறை எங்கையோ ஊத்திப்போட்டல்லோ வந்திருக்கிறாய். உன்ர மூஞ்சையைப் பார். குடிக்கிறதெண்டால் என்னட்டையாவது குடிச்சிருக்கலாம்."

அனிஸ்ரன் சிரித்தான். "அத்தான் கலியாண வீட்டில வைன் குடுத்தாலும் தொடாத ஆள், அண்ணை."

"அப்ப இந்தச் சிவப்பு?"

"அது கான்சர்க் கட்டி சுரக்கிறதாலை வாற சிவப்பு," என்றார் கிறிஸ்தோப்பர். "குடல்ல இருந்ததை வெட்டி எடுத்தாச்சு. அது போட்ட குஞ்சுகள் ஈரல்ல மட்டும்தான் மிச்சம். அதாலை ஈரலையே கழட்டி எறிஞ்சுபோட்டு வேறை வைக்கினமாம்."

ஏரம்பு கள்ளு முட்டியைப் பக்குவமாகக் கீழே வைத்தார்.

"ஆற்ற ஈரலை?"

"என்ர ஈரலைத்தான்."

"உன்ர ஈரலுக்குப் பதிலா வைக்கிறதுக்கு, தம்பி, ஈரல் எங்கை கிடக்கு?"

கிறிஸ்தோப்பர் எட்டி, அனிஸ்ரனின் விலாவில் மறுபடியும் கையை வைத்தார்.

"இதில பாதி என்ர, அண்ணை. என்ர பாதிக்கு ஊத்தாதேங்கோ."