ஒரு ஆளப் பாத்துட்டுப் போவோம்

"ஏல இசக்கி, ஒங்கம்மைக்கு இந்தக் கலரு பிடிக்குமா?"

செம்பூர் சிக்னலில் ஆட்டோ நின்றதும் மாரிசெல்வி பட்டுச்சேலைத் தலைப்பை மறுபடி நீவிவிட்டாள். இசக்கிராஜ் செல்போனிலிருந்து நிமிரவில்லை.

"ஜக்காஸ், சூப்பரா இருக்கு! மொதல்ல ஒரு ஆளப் பாத்துட்டு வீட்டுக்குப் போவோம்."

இருவரும் தாராவியில் ஒரே சந்தில் வளர்ந்தவர்கள். பத்தாவது முடித்ததும் அவன் குடும்பம் விக்ரோலிக்குப் போய்விட்டது. போன மழைக்காலத்தில் ஒரு கல்யாண வீட்டில் அவளைப் பார்த்தவன், மறுநாளே வாட்ஸப்பில் வந்தான். சினிமா கம்பெனியில் வேலை என்றான்.

"அரே, டைப் பண்ணாத. எனக்குத் தமிழ் எங்க படிக்க வருது? பேசி அனுப்பு. ஒன் பேச்சக் கேட்டாத்தான் உசுரே வருது."

பேசிப் பேசி அனுப்பினாள். அவன் இல்லாத வருஷங்களைச் சொன்னாள். தூத்துக்குடி மாப்பிள்ளையை அவனுக்காகவே வேண்டாமென்று சொல்லி அப்பாவைத் தலைகுனிய வைத்ததையும் சொன்னாள். இடையில் அழுகை வந்தால் மட்டும், வெட்கப்பட்டு அதை அனுப்பாமல் அழித்துவிடுவாள்.

ஆட்டோ ஒரு பழைய கட்டடத்தின் முன் நின்றது. மூன்றாவது மாடியில், சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய அறை. திரையில் ஓர் இந்திப் படம். சின்ன வயதில் பிரிந்த இருவர் ரயில் நிலையத்தில் எதிரெதிரே நின்றார்கள்.

"தமிழ்ல டப்பிங் போவுது. ஹீரோயின் தாராவிப் பொண்ணு" என்றான் இசக்கிராஜ்.

கதாநாயகி வாய் திறந்தாள்.

"ஏல, நீ போனதுல இருந்து கொழாயடியில கொடம் நெறைஞ்சு வழிஞ்சாலும் தெரியாது. ஒன் வாசலயே பாத்துக்கிட்டு நிப்பேன்."

மாரிசெல்வி அவனுக்குப் பேசி அனுப்பிய அதே வார்த்தைகள். ஒரு சொல் மாறவில்லை. அந்த இழுப்புகூட அவளுடையதுதான்.

திரும்பிப் பார்த்தாள். இசக்கிராஜ் தமிழ் வசனத் தாளை எடுத்து, அடுத்த வரியைத் தடங்கலில்லாமல் மைக்கில் வாசித்துக்கொண்டிருந்தான்.

"ஒங்கம்மையப் பாக்கணும்னியே?"

"பாக்கலாம், பாக்கலாம். க்ளைமாக்ஸ் முடியட்டும்."

கண்ணாடிக் கதவு திறந்தது. ஹெட்போனைக் கழற்றியபடி ஓர் இளம்பெண் ஓடிவந்து அவள் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் ஹரிதா, மாட்டுங்காவுல இருக்கேன். உங்க பேச்சு நாக்குல ஏற எனக்கு ஆறு மாசம் ஆச்சு!"

மாரிசெல்வியின் கண்கள் நிறைந்தன. ஹரிதா ஆவலாய் இன்னும் கிட்டே வந்தாள்.

"அழுகைய அடக்காதீங்கோ அக்கா, அது ஒண்ணுதான் இவர் தரலை."