கதிரைக் கடி

சிவக்கொழுந்தக்கா இரண்டு முழங்கைகளையும் மாறிமாறிச் சொறிந்துகொண்டிருந்தார்.

“நேற்று அந்தக் கள்ளுச் சீவல்காரன்ரை பெட்டை வந்து கதிரையில இருந்திட்டுப் போயிட்டாள். தெரியாமல் நானும் அதில இருந்திட்டன். அப்ப துவங்கின கடி.”

அவர் சொன்னது தவமலரை. அவளுக்கு இன்னும் மூன்று கிழமையில் சோதனை. பள்ளிக்கூடம் விட்டபிறகு என்னிடம் கணக்குப் படிக்க வருகிறாள்.

“இனி அவளை இஞ்சை கூப்பிடாதையும், ரீச்சர். இல்லாட்டி வேறை அறை பாரும்.”

நெடுந்தீவில் எனக்கு வேறு யார் அறை தருவார்கள்? பட்டதாரி என்றதும் மேற்கொண்டு எதையும் விசாரியாமல் தந்தவர் இவர் ஒருவர்தான்.

“அவள் கதிரையில இருக்கேல்லை, அக்கா. நான் சொல்லியும் கேளாமல் நிலத்திலதான் இருந்தவள்.”

“மெய்யாவோ?”

“ஓம். கதிரையில இருந்தது நான்.”

சொறிந்த கை நின்றது.

“அப்ப இது வெக்கைக் கடியாக்கும்,” என்று சிரித்தார். “நீர் இருந்தால் என்ன? ஆறு மாதமா நாங்கள் ரெண்டுபேரும் அந்தக் கதிரையிலதானே மாறிமாறி இருக்கிறம்.”

“அப்ப தவமலர் நாளைக்கும் வரலாமோ?”

“வரட்டும். முற்றத்தில இருந்து படிக்கட்டும். படி ஏறக்கூடாது.”

எனக்கு அலுத்துவிட்டது.

“என்ரை ஐயாவும் அவள்ரை தேப்பனைப் போலை பனை ஏறிச் சீவினவர்தான், அக்கா.”

அவர் கை மெல்ல முழங்கைக்குப் போனது. பிறகு கழுத்துக்கு, முதுகுக்கு.

நான் பெட்டியை அடுக்க உள்ளே போனேன்.